ஏழை வார்த்தவன்

ஜனவரிக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று
பக்கத்து வீட்டுக் கதவில் இருந்த ஏழை.
நாற்பத்தேழு வெறும் நாலாகி நின்றது.
ஓரெஸ்ட் ஹ்னாத்யுக்கின் சர்க்கரை மாத்திரைகள்
தெருமுனையில் நாலாம் எண் வீட்டுக்குப் போயின.
அங்கே ஒரு நாய் அவற்றைக் காவல் காத்தது.

யார்க்டன் இரும்புக்கடையில்
ஒரு ஏழின் விலை ஒன்பது டாலர்.
இந்த மனிதன் உலை கட்டினான்.

எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
பகல் நான் தூங்குவதற்கென்றே விடிகிறது.
பதினோரு மணிக்கு வேலிக்கு அப்பால்
முடி உலர்த்தி ஒன்று ஊளையிடத் தொடங்கும்.
முடியே இல்லாதவன் அவன்.

கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டி
சண்டைக்குத்தான் போனேன், சத்தியமாக.
மைனஸ் இருபத்தாறு.
கொல்லையெங்கும் முழங்கால் பனி,
உலையைச் சுற்றி மட்டும்
ஒரு பாய் அகலத்துக்குப் பழுத்த புல்.

பழைய தகரவாளி. உள்ளே
பிளாஸ்டர் மாவும் மணலும் குழைத்துப் பூசிய சுவர்.
அடியில் ஓட்டை, ஓட்டையில் குழாய்,
குழாயின் வாலில் அந்த ஊளை.
தீயணைக்கும் உருளையைப் பாதியாக அறுத்து
அதையே மூசையாகத் தீக்குள் இறக்கியிருந்தான்.
"இருபது வருஷம் சுவரில் சும்மா தொங்கிச்சு, டெல்ஃபின்.
அதுக்கும் ஒரு வேலை வேண்டாமா?"

தொண்டை வரை வந்த சண்டை அங்கேயே நின்றது.
கைகள் என்னைக் கேட்காமல்
உலைப் பக்கம் நீண்டுவிட்டன.

உருகினால் சிவக்கும் என்று நினைத்திருந்தேன்.
சிவக்கவேயில்லை.
பனிவண்டியின் பிஸ்டன் முதலில் அடம் பிடித்தது,
பிறகு ஒரு தோள் சரிந்தது,
பிறகு பிஸ்டன் என்று எதுவும் இல்லை.
மேலே பாலாடை போலக் கசடு.
கரண்டியால் வழித்தான்.
அடியில் சஸ்காச்சுவானின் வெளிறிய வானம்
ஒரு கோப்பை அளவு.

முதல் வார்ப்பு வெடித்தது.
கூரை விளிம்பிலிருந்து ஒரே ஒரு சொட்டு
அச்சுக்குள் விழுந்திருக்கிறது.
இருவரும் பார்க்கவில்லை.
டப்பென்று மண்ணே எழுந்து துப்பியது.
அவன் தோல் ஏப்ரனில் ஆறு வெள்ளிப் பொட்டுகள்,
என் பூட்ஸில் ஒன்று,
மிச்சம் எங்கேயோ பனிக்குள்.
ஓடிப்போய் அவன் கண்ணைப் பார்த்தேன், பழக்கம்.
முகக்கவசம் போட்டிருந்தான், பிழைத்தான்.

வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம்.
"மண்ணில் ஈரம் எவ்வளவு?" என்று
யாரோ கேட்டார்கள். நான்தான்.
"பிடித்தால் நிற்கணும், பிழிந்தால் சொட்டக்கூடாது."
பூனைக்கு விற்கிற மண்ணை
மிக்ஸியில் அரைத்து மணலோடு சேர்த்தது அது.
அச்சுப் பெட்டியை இருவருமாய்த் தூக்கி
கார்க்கொட்டகைக்குள் வைத்தோம்.

மறுநாள் அவன் முடி உலர்த்தி புகைந்து செத்தது.
என்னுடையதைக் கொண்டுபோனேன்.
ஊதா நிறம், மூன்று வேகம்.
மூன்றாவதில் உலை உறுமியது.

ஊற்றும்போது பேச்சில்லை.
தண்ணீரைவிடச் சோம்பலாக
தேனைவிட அவசரமாக இறங்கியது.
பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னான்.
நாலாவது நிமிஷம் அவனே மண்ணைக் கிளறினான்.

நேரான காலோடு அவன் மரத்தில் செதுக்கிய ஏழு
இடவலம் மாறிப் பிறந்திருந்தது.
கட்டையின் முகத்தை மேலே பார்க்க வைத்து
முதுகை மண்ணில் அழுத்தியிருக்கிறான்.

சிரித்தேன். அடக்க முடியவில்லை.
அவன் சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை.
கையுறையில் ஏந்தி நெடுநேரம் பார்த்தான்.
நிமிர்ந்த கோல், உச்சியில் வலப்பக்கம் நீட்டிய ஒரு கை.
"உக்ரைன் எழுத்தில் இது ஹ" என்றான்.
"ஹ்னாத்யுக் இங்கேதான் தொடங்குது."

நாலுக்குப் பக்கத்தில் அதையே அறைந்தான்.
தபால்காரி படியில் நின்று யோசித்தாள்,
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்,
மாத்திரையைச் சரியாகவே போட்டுவிட்டுப் போனாள்.
இந்தத் தெருவில் இன்னொரு கதவு
இப்படி இருக்கவா போகிறது?

ஏப்ரலில் பனி வடிந்தபோது
வேலிக்கு என் பக்கம் கிடந்தது
முதல் நாள் தெறித்த துண்டு:
நுரை போல, கோழிக்கொண்டை போல.
எண் இல்லை, எழுத்தும் இல்லை.
சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
அவனிடம் சொல்லவில்லை.

நேற்று வேலிமேல் தலை தெரிந்தது:
உடைந்த வாணலி ஏதும் இருக்கிறதா என்றான்.
ஈரத் தலையோடு நின்றிருந்தேன்.
ஊதா உலர்த்தி இன்னும் திரும்பி வரவில்லை.